புகைப்புரையில் ஒலித்த தர்புகா

அத்தியாயம் 9

மாமனார் ராஜையன் புகைப்புரைச் சாவியைக் கையில் கொடுத்த அன்றிலிருந்து மாமியார் லீலாபாய் பிளஸ்ஸியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சோறு போட்டார். மழை தூறினால் கொடியில் கிடந்த மருமகளின் துணியையும் சேர்த்து எடுத்து மடித்து வைத்தார். பேச்சு மட்டும் இல்லை. வாய்விட்டுச் சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். இந்த மௌனத்தை என்ன செய்வது என்று பிளஸ்ஸிக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அவள் ஊரைக் கொளுத்தப் புறப்படவில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில், கூட வேலை செய்த எகிப்துக்காரிகளிடம் பெல்லி டான்ஸ் கற்றுக்கொண்டாள். புருஷன் ஸ்டெனியை அங்கேயே வேலையில் விட்டுவிட்டு, குலசேகரத்துக்கு வந்து சின்னதாக ஒரு கிளினிக் போட்டாள். ரப்பர் மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டி இடுப்பு போன பெண்கள்தான் வந்தார்கள். அவர்களுக்காக ஒருநாள் வகுப்பு. ஆட்டம் கொஞ்சம், அது பிறந்த நாட்டின் கதை கொஞ்சம். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சபை ஹாலைத் தருகிறோம் என்றவர்கள், "தொப்புளை ஆட்டுகதுக்கா ஆண்டவருக்க ஹாலு?" என்று யாரோ கேட்டதும் பின்வாங்கினார்கள். ஜங்ஷனில் ஒட்டிய நோட்டீஸ் விடிவதற்குள் கிழிந்திருந்தது. பிளஸ்ஸி எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தபோதுதான், வீட்டில் யார் விஷயத்திலும் தலையிடாத ராஜையன் மாமா வந்து நின்றார்.

"புகைப்புரை சும்மாதானே கெடக்கு. அங்கன வச்சுக்க மக்கா."

சாவியை நீட்டும்போது அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்டாட்டி கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்ததையும் பார்க்கவில்லை.

*

எஸ்டேட்டின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, வெளியே அடுப்பு மூட்டி, சுவரடி ஓட்டை வழியாகப் புகையை உள்ளே விட்டுக் காயவைக்கிற இடம். ஷீட் அடிப்பதை நிறுத்தி, பாலை அப்படியே வியாபாரிக்கு ஊற்றத் தொடங்கியபின் அதற்கு வேலையில்லை. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் தார் பூசியதுபோல் கரி மின்னும். கூரைவரை வரிசை வரிசையாக மூங்கில் கம்புகள்.

பிளஸ்ஸியும், பால்வெட்டுப் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி போன்ற ஜெபகுமாரியும் சேர்ந்து தரையைக் கழுவினார்கள். மறுநாள் கதவைத் திறந்தால் மறுபடியும் கரி படிந்திருந்தது. மறுபடியும் கழுவினார்கள். மறுபடியும் படிந்தது.

"மேல கம்புல இருந்து உதிருகு," என்றாள் ஜெபகுமாரி. சற்று யோசித்துவிட்டு, "ஆனா காத்துக் கூட உள்ள வராதே?" என்றும் கேட்டாள்.

பிளஸ்ஸியை உறுத்தியது வேறொன்று. அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் வெதுவெதுப்பாக ஒரு சூடு அடித்தது. அடுப்பில் குப்பைமேனி முளைத்துக் கிடந்தது. எத்தனையோ வருஷமாக எரியாத அடுப்பு அது.

*

சனிக்கிழமை. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் நசநசத்துக்கொண்டிருந்தது. ஸ்டெனியின் அக்கா ஷிஜி, பள்ளிக்கூடம் லீவு என்று நாகர்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். தம்பி பெண்டாட்டிக்குத் துணை நிற்கத்தான் வந்தாள்.

"அம்மா இன்னும் வாயத் தொறக்கலியா?"

"இல்ல மைனி."

"விடு. ஆட்டம்னாலே அம்மைக்குப் பிடிக்காது. சண்டே கிளாஸ்ல கொஞ்சம் கூடுதலா குதிச்சதுக்கே என் தொடையைக் கிள்ளிச் செவக்க வச்சவ."

லீலாபாய் சமையலறையில் முதுகைக் காட்டி நின்று மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். பிளஸ்ஸி பையை எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கும்போது, "மக்கா," என்று குரல் வந்தது.

பிளஸ்ஸி நின்றாள். எத்தனை நாளாக எதிர்பார்த்த குரல்!

"வேற எங்கயாவது வச்சுக்கயேன். அந்தப் புரைல வேண்டாம்."

"மாமி, இன்னைக்கு காலத்த வந்து சொன்னா நான் எங்க போவேன்? எல்லாரும் வரத் தொடங்கிட்டாவ. மறைவா, பொம்பளைங்க மட்டும் ஆடுகதுல என்ன பாவம் மாமி?"

லீலாபாய் திரும்பிப் பார்த்தார். மருமகள் வேறு ஏதோ பாஷையில் பேசியதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"ஆட்டத்த ஆரு சொன்னா?"

கிழங்கை எடுத்துக் குனிந்துகொண்டார். பிளஸ்ஸிக்கு நின்று கேட்க நேரமில்லை. கேட் பக்கம் ஆட்டோச் சத்தம் கேட்டது.

*

ஆட்டோவில் வந்தவள் ரெஹானா. திருவனந்தபுரத்துக்காரி. அப்பாவுக்குக் கெய்ரோவில் வேலையாக இருந்ததால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கையில் தர்புகா என்கிற கொட்டு. குடத்தின் கழுத்தை நீட்டி வாயில் தோல் கட்டியது போலிருக்கும். மடியில் சாய்த்து வைத்து விரலால் தட்டினால், உட்கார்ந்திருப்பவர்களின் அடிவயிற்றில் போய் ஒலிக்கும்.

பெண்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்திருந்தார்கள். பால்வெட்டுக்காரிகள், தையல்காரிகள், ஆஸ்பத்திரி நர்ஸ்கள், டியூஷன் டீச்சர் ஒருத்தி. சபையில் ஹால் தரக்கூடாது என்று சொன்னவர்களின் பெண்டாட்டிமாரும் இரண்டொருவர் முக்காடு போட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

கரண்ட் வழக்கம்போல் இல்லை. திறந்த கதவு வழியாக மழை வெளிச்சம் மட்டும் பச்சையாக உள்ளே விழுந்தது.

"பெல்லி டான்ஸ் என்னு வெள்ளக்காரன் இட்ட பேரு," என்று தொடங்கினாள் ரெஹானா. அவள் தமிழில் மலையாளம் கலந்து வந்தது. அங்கே யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை. "எங்க தெருவுல அதுக்கு ரக்ஸ் பலதி என்னு பேரு. ஊராட்டம். ஹோட்டல்ல, சினிமாவுல காணுகது பின்னால வந்தது. கல்யாண வீட்டுல ஆம்பிளைங்க முன்னால இருப்பாங்க, பெண்ணுங்க உள்முறில கதவ அடைச்சு ஆடுவாங்க. அம்ம ஆடும், மக ஆடும், மாமியார் நல்லா ஆடும்."

சிரிப்பு எழுந்தது. துப்பட்டாவையும் துவர்த்துத் துண்டையும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். இடுப்பால் எட்டுப் போடுவது எப்படி, மூச்சை அடிவயிற்றில் இறக்கி அலைபோல மேலே ஏற்றுவது எப்படி என்று பிளஸ்ஸி ஒவ்வொருத்தியாகப் போய்த் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஜெபகுமாரிக்குச் சீக்கிரமே பிடிபட்டது.

"இது பால் வெட்டும்போ மரத்தைச் சுத்தி வருகோம்லா, அதே திருப்பந்தான்!"

கொட்டு அதிர அதிர மேலேயிருந்து கரி உதிர்ந்தது. பெண்களின் தோளிலும் தலையிலும் மெல்ல மெல்லக் கறுப்பாகப் படிந்தது. தட்டிவிட்டுக்கொண்டு ஆடினார்கள்.

இளைப்பாற உட்கார்ந்தபோது ரெஹானா கதை சொன்னாள். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைச் சுற்றி நின்று மற்றப் பெண்கள் வயிற்றை அசைத்து ஆடுவதுண்டாம். வலிக்கிறவளின் உடம்பு அதைப் பார்த்து வழி கண்டுகொள்ளுமாம்.

"உள்ளதா கதையா எனிக்கு அறியில்ல. எனிக்கு ஆட்டம் படிப்பிச்ச உம்மா, உள்ளது என்னு சத்தியம் பண்ணும்."

"வேற என்ன எல்லாம் உண்டு அங்க?" என்று கேட்டாள் ஷிஜி.

"ஸார் என்னு ஒரு சடங்கு உண்டு. ஒரு பெண்ணுக்கு உள்ள ஏதோ கேறி இருந்து அவள விடாம உபத்திரவம் செய்யுது என்னு வையுங்க. கொட்டு வச்சு அவள ஆட விடுவாங்க."

"இங்க ஜெபக்கூட்டத்துல வெரட்டுவாவ," என்றாள் ஜெபகுமாரி.

"அவங்க வெரட்ட மாட்டாங்க. உனக்கு என்ன வேணும் என்னு கேப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. வெளியே மழை ஓட்டின் மேல் சட்டென்று வலுத்தது.

இறுக்கத்தைக் கலைக்கவோ என்னவோ, ரெஹானா வாயருகே கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, காது கிழிய ஒரு ஒலி எழுப்பினாள். சந்தோஷ வேளையில் அங்கே பெண்கள் இப்படித்தான் ஒலிப்பார்களாம்.

"ஐயே, இது நம்ம குரவைலா!" என்று கத்தினாள் ஒரு தையல்காரி. "எங்க அம்மை இருக்கச்சில பிள்ளை பிறந்த வீட்டுல இடுவாவ!"

எல்லாரும் சேர்ந்து குரவையிட்டார்கள். சபைக்காரப் பெண்கள்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். கரி பிடித்த சுவர்கள் அந்த ஒலியை வாங்கி வாங்கித் திருப்பின. மூச்சு முட்டி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

எல்லாரும் நிறுத்தினார்கள். ஒரு குரவை மட்டும் நிற்கவில்லை.

முதலில் எதிரொலி என்றுதான் பிளஸ்ஸி நினைத்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

லீலாபாய் வாசலில் நின்றார். குடையில்லை. மழை தலையிலிருந்து ஒழுகியது. கண் மூடியிருந்தது. சபைப் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவர், தாலாட்டைக்கூட ஞானப்பாட்டு ராகத்தில் பாடியவர், வாய் திறந்து குரவையிட்டுக்கொண்டிருந்தார்.

*

"அம்மா!" ஷிஜி எழுந்து ஓடினாள்.

லீலாபாய் மகளைத் தாண்டி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. யாரையும் இடிக்கவுமில்லை. நேராக வடக்கு மூலைக்குப் போனார். புகை வரும் ஓட்டையின் பக்கத்தில் நின்று, தலைக்கு மேலிருந்த மூங்கில் கம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பார்க்காமலே பிடித்தார். முழங்காலை மடக்கிக் காலை அகட்டினார்.

அவர் வயிறு அசையத் தொடங்கியது.

காலையிலிருந்து பெண்கள் முக்கி முனகியும் வராத அந்த அலை, ஈரச்சேலைக்குள் அடியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே, நின்று, இறுகி, மறுபடி இறங்கியது. ரெஹானாவின் கை தர்புகாவைத் தட்டிக்கொண்டிருந்தது. எப்போது தட்டத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் பிற்பாடு பிளஸ்ஸியிடம் சொன்னது இது: "கொட்டுக்கு அம்ம ஆடல்ல. அம்மேட வயித்துக்கு என் கை கொட்டிச்சு."

"நிறுத்துங்க ரெஹானா! நிறுத்துங்க!" ஷிஜி கத்தினாள். கொட்டு நின்றது.

லீலாபாயின் உடம்பு முறுக்கிக்கொண்டது. பல்லிடுக்கிலிருந்து குரல் வந்தது.

"நிறுத்தாண்டாம். நிறுத்தினா எறங்காது."

அது இளம்பெண்ணின் குரல். கல்யாணமாகி வந்த புதிதில் மாமி இப்படித்தான் பேசியிருப்பார் என்று பிளஸ்ஸிக்குத் தோன்றியது.

சிலர் எழுந்து கதவை நோக்கி ஓடினார்கள். ஒருத்தி இயேசுவின் இரத்தம் ஜெயம் என்று உரக்கச் சொல்லத் தொடங்கினாள். ஷிஜி செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பினாள்.

"பிளஸ்ஸி, போதகருக்குப் போன் போடு! அம்மைக்க மேல என்னமோ கேறிட்டு!"

பிளஸ்ஸி மாமியாரின் மணிக்கட்டில் விரல் வைத்தபடி அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பிரசவ வார்டுகளில் நின்றவள் அவள். இறுகல், விடுதல், இடையில் மூச்சு. அவளுக்குத் தெரிந்த வலி. பேய்க்கு இப்படி வலி எடுக்குமா?

"அடிங்க ரெஹானா," என்றாள்.

"உனக்குப் பிராந்தா பிளஸ்ஸி? அம்மைக்குப் பிரஷர் இருக்கு! ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஸ்டெனிக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

"நான் நாடி பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மைனி. பாதில நிறுத்தினாத்தான் ஆபத்து." அவள் ரெஹானா பக்கம் திரும்பினாள். "அடிங்க."

தர்புகா மறுபடி ஒலித்தது.

பிளஸ்ஸி மண்டியிட்டு, மாமியாரின் முகத்துக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோனாள். புகை மணத்தது. பழைய கரியின் மணமல்ல. இப்போதுதான் மூட்டிய அடுப்பின் பச்சைப் புகை.

"மாமி, உங்களுக்கு என்ன வேணும்?"

"கேக்கணும்."

"என்ன கேக்கணும்? கேளுங்க மாமி, நான் சொல்லுகேன்."

"நான் இல்ல." லீலாபாய் தலையை ஆட்டினார். வியர்வை தெறித்தது. "நீங்க கேக்கணும். எல்லாரும் காதால கேக்கணும்."

முதலில் வந்தவள் ஜெபகுமாரி. துவர்த்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு லீலாபாயின் பக்கத்தில் நின்று இடுப்பை அசைத்தாள். பிறகு ஒரு நர்ஸ். பிறகு தையல்காரி. ஓடியவர்கள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வட்டம் கூடியது. மேலே கம்புகள் ஒன்றோடொன்று உரசின. கரி கொட்டிக்கொண்டே இருந்தது. ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாத அளவுக்குக் கறுத்துப்போனார்கள்.

லீலாபாய் நெடுமூச்சாக ஒன்றை வெளியே விட்டார். கம்பை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

கொட்டு தானாக நின்றது. மழையும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

அப்போது பிள்ளை அழுதது.

தொண்டையில் நீர் கலங்க, முதல் மூச்சை இழுத்து, உலகத்தின் மேல் கோபப்பட்டு அழுகிற அழுகை. பிறந்து நொடிகூட ஆகாத பிள்ளையின் அழுகை. பிளஸ்ஸிக்கு அது புகை ஓட்டையின் பக்கத்திலிருந்து கேட்டது. ஷிஜிக்குத் தலைக்கு மேலே கேட்டது. ரெஹானா உள்ளங்கையைத் தர்புகாவின் தோலின் மேல் வைத்தபடியே உறைந்திருந்தாள். அந்தத் தோல் கைக்கடியில் துடித்தது.

அந்த வகுப்புக்கு யாரும் பிள்ளை தூக்கி வரவில்லை.

அழுகை தேய்ந்தது. யாரோ எடுத்துக்கொண்டு தூரமாய்ப் போவதுபோலத் தேய்ந்து தேய்ந்து, ரப்பர் மரங்களுக்குள் போய், இல்லாமல் ஆனது.

*

லீலாபாய் கண் திறந்தார். சொந்தக் குரலில், அன்றாடக் குரலில் கேட்டார்.

"கேட்டியளா?"

சுற்றி நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஜெபகுமாரி, நீ கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"நீ?" நர்ஸ் தலையாட்டினாள். "நீ?" தையல்காரி அழுதுகொண்டே தலையாட்டினாள். கடைசியாக மகளைப் பார்த்தார்.

ஷிஜி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "மரநாயா இருக்கும்மா. கூரைல மரநாய் குட்டி போட்டிருக்கும்."

"மரநாய் இல்ல மக்கா. உனக்கு மூத்தவ."

ஷிஜி அப்படியே சுவரில் சாய்ந்தாள். வீட்டில் மூத்தவள் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெருமையும் சுமையுமாக வாழ்ந்தவள்.

லீலாபாய் கரிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஷீட்டு எடுக்க வந்தேன். மாசம் தெகையல்ல. வலி பிடிச்சுட்டு. இந்தக் கம்பைப் பிடிச்சுதான் நின்னேன். மாமியாரும் உங்க அப்பாவும் ஓடி வந்தாவ. பிள்ளை விழுந்தா. அழுதா. நான் என் ரெண்டு காதால கேட்டேன். பிறவு எனக்கு ஓர்மை போச்சு. கண்ணு முழிச்சா, செத்துதான் பிறந்துது, அடக்கியாச்சுன்னு சொன்னாவ."

"அழுததைக் கேட்டேன்னு நீங்க சொல்லல்லியா மாமி?"

"சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். பிரசவப் பிராந்து, புத்தி கலங்கிட்டுன்னாவ. ஒங்க மாமா தலையைக் குனிஞ்சு நின்னாரு. அவரும் இல்லன்னா இல்லதானேன்னு நானும் வாய மூடினேன். பிறவு இந்தப் புரைக்க வாசலை மிதிக்கல்ல." சுற்றிலும் நின்ற கரிமுகங்களைப் பார்த்தார். "எனக்கே அப்படித்தான் தோணிப்போச்சு மக்கா, நான் பிராந்திதான்னு."

பிளஸ்ஸி மாமியாரின் கையைப் பிடித்தாள். இத்தனை நாள் அவள் யாரோடு, எதற்காக மல்லுக்கு நின்றாள்? மாமிக்கு ஆட்டம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

"மைனி, இவங்களுக்குத் தண்ணி குடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

ராஜையன் மாமா ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கையில் குடை மடங்கியே இருந்தது. வேட்டி சட்டை எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"மாமா, உள்ள ஒரு சத்தம் கேட்டுது."

அவர் முகம் மெல்ல நிமிர்ந்தது. "உனக்குமா?"

"எல்லாருக்கும்."

அவர் பின்னால் கையை நீட்டி ஒரு மரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் கைபட்டுக் கொட்டியது.

"மழை பிடிச்சா எனக்குக் கேக்கும் மக்கா. வருஷா வருஷம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போ கேக்கும். சபைல இருக்கும்போ கேக்கும். என் தலைக்குள்ளயா, இல்ல அந்தப் புரைக்குள்ளயே கெடக்கான்னு தெரியணும். நான் ஒத்தைல போய் நிக்க தைரியம் இல்ல. இத்தனை பொம்பளைங்க உள்ள இருந்தா..." மடங்கிய குடையால் புகைப்புரையைக் காட்டினார். "அதுக்குத்தான் சாவி தந்தேன்."

பிளஸ்ஸிக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. இந்த மனிதர் கையால் தினமும் செய்தித்தாள் வாங்கிப் படித்திருக்கிறாள். அவருக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்தப் பிள்ளை அழுதுதா?"

மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழுதா," என்றார் ராஜையன்.

"சத்தமா சொல்லுங்க."

சொன்னது பிளஸ்ஸியல்ல. லீலாபாய் புகைப்புரை வாசலில் நின்றார். ஷிஜி அவர் தோளைப் பிடித்திருந்தாள். பின்னால் அத்தனை பெண்களும் நின்றார்கள்.

ராஜையன் மரத்தை விட்டார். நேராக நின்றார்.

"அழுதா லீலா. நல்லாத்தான் அழுதா. நீ கேட்டது சரி."

லீலாபாயின் தோளிலிருந்து எதுவோ இறங்கியதை நாலெட்டு தள்ளி நின்ற பிளஸ்ஸி கண்ணால் கண்டாள். கன்னத்தில் கரியை அறுத்துக்கொண்டு ஒரு துளி ஓடியது.

"எங்க வச்சிய?" என்று மட்டும் கேட்டார்.

ராஜையன் வீட்டுப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் பழைய ஜீப் இருமிக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது. ஓட்டிக்கொண்டு வந்து புகைப்புரை முன்னால் நிறுத்தி, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு."

லீலாபாய் கரிக்காலோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். ஷிஜி பின்னால் ஏறப் போனாள். ராஜையன் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீ வராண்டாம் மக்கா. அங்க முதல்ல உங்க அம்மைதான் வரணும்."

ஜீப் கிளம்பியது. மகளும் மருமகளும் சேற்றில் வழுக்கி வழுக்கிப் பின்னாலேயே கேட்வரைக்கும் ஓடினார்கள். கேட்டில் ஜீப் நின்றது. வலது பக்கம் போனால் சபையும், அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமும். குடும்பத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் கிடக்கிறார்கள். அந்தப் பாதை அதோடு முடிந்துவிடும்.

ஜீப் இடது பக்கம் திரும்பியது. கடைகளும் வீடுகளும் நெருக்கியடிக்கும் மார்த்தாண்டம் ரோட்டில் ஏறி, வேகமெடுத்தது.

ஷிஜியின் நகம் பிளஸ்ஸியின் கையில் பதிந்தது.

"ஏட்டி பிளஸ்ஸி, கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம்லா இருக்கு?"